வெளிப்பக்கம் திறக்கிற கதவுகள்

சிவகாசி
2.12.2007

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மணிகண்டராஜ் மூன்று பேரும் நல்ல சுகம், என் முழங்கால் வலியும் ஒரு குறைவும் இல்லாமல் சுகமாக இருக்கிறது. உன் சுகத்தைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்கு மனப்பாடம், நல்லா இருக்கேம்மா, ஆபீஸுக்கு நேரமாச்சும்மா, வச்சிடட்டுமா, இவ்வளவுதான். அதனால்தான் போனை நம்பாமல் பேனாவை எடுத்தேன், கடிதத்தைப் பாதியில் நீ வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். டொராண்டோவில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டதாக டி.வி.யில் காட்டினார்கள், காதை மூடாமல் வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வை, போன தடவை போட்டோவில் உன் தலை தேங்காய் நார் மாதிரி இருந்தது. இங்கே இந்தக் கார்த்திகையில் நல்ல மழை, ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் கடல் மாதிரி நிற்கிறது, ஜனங்கள் சாயங்காலம் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நம் பட்டாசுக் கம்பெனிக்குத் தீபாவளி வியாபாரமும் மோசமில்லை, கடைசி லோடு ஏறிப் போன அன்றைக்குப் படுத்த மணி மறுநாள் மத்தியானம்தான் எழுந்தான், எழுந்ததும் கேட்டது தோசை. உன் கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுப்பதில்லை என்று இருக்கன்குடி மாரியம்மாள் மேல் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆகையால் பயப்படாமல் கடைசி வரை படி.

விஷயம் வீட்டைப் பற்றியது. வீடு என்ற சொல்லைப் பார்த்ததும் உன் மூக்கு விடைக்கும், எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, இருந்தாலும் படி. மே மாதம் நீ லீவில் வந்திருந்தபோது ஆனைக்குட்டம் ரோட்டு மனைக்குப் பிளான் போட்டு, சாப்பாட்டு மேஜையில் விரித்து, சுருண்டுவிடாமல் இருக்க மூலைக்கு மூலை டம்ளர் வைத்து, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாயே. நடுவில் தூணே இல்லாத நீளமான கூடம், அதற்குள்ளேயே அடுப்படி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கின கூரை, தோட்டத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். எனக்குப் பிளான் புரியவில்லை, ஆனால் பிடித்துவிட்டது, அடுப்பில் நின்றபடியே நீங்க எல்லாரையும் பார்க்கலாம்மா என்று சொன்னாய் பார், அந்த ஒரு சொல்லுக்காகவே பிடித்துவிட்டது, இத்தனை வருஷமாக நான் சுவரைப் பார்த்துத்தானே சாம்பார் வைத்திருக்கிறேன். அப்பா குனிந்து பார்த்தார், வாசல் எங்கன என்றார், நீ காட்டினாய். வேற எங்கன என்றார். இந்த ஒரு வாசல் போதும்ப்பா, அதுதான் பாதுகாப்பு, கண்ணாடி வெளிச்சத்துக்கு என்றாய். அவ்வளவுதான், டம்ளர்களை எடுத்து வைத்துவிட்டுப் பிளானைச் சுருட்டி, இது சரிப்படாது, தூண் இல்லாம நம்ம ஆலங்குளம் சிமெண்டுல கூரை நிக்குமா, கண்ணுச்சாமி கொத்தனார் எப்பவும் கட்டுற மாதிரி கட்டிக்கிடுவோம் என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார். நீ மட்டும் லேசுப்பட்டவளா, அவர் மகள்தானே. என் படிப்பைவிடக் கொத்தனார்தான் பெரிசுன்னா கிரகப்பிரவேசத்துக்கும் அவரையே மகளாக் கூப்பிட்டுக்கோங்க, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், இந்த ஆறு மாதமாக அப்பா போனை எடுத்தால் அம்மாகிட்டக் குடுங்க என்கிறாய். அவரும் பேசாமல் என்னிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். அந்தக் கடிகாரம் பேட்டரியில் ஓடுகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது சீனாக் கதைக்கு வருகிறேன். நீ போனில் கேட்டபோது நல்லா இருந்துச்சு என்று நான் ஒரே சொல்லில் முடித்ததற்குக் காரணம் அப்பா பக்கத்தில் கடிகாரத்தடியில் நின்றதுதான். தீபாவளி முடிந்ததும் சங்கத்தில் இருந்து பட்டாசு முதலாளிமார்களைச் சீனாவுக்குக் கண்காட்சி பார்க்கக் கூட்டிப் போனார்கள், ஜோடியாக வரலாம் என்று சொன்னதால் நானும் போனேன், ஊர்க்காவலன் அண்ணாச்சியும் குருவம்மாள் மதினியும் எங்கள் கூட வந்தார்கள். மதினியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பெட்டியில் துணி ஒரு சாண், சாத்தூர் சேவும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் ஒரு முழம். கண்காட்சியை நான் பெரிதாகச் சொல்லப் போவதில்லை, வெடி என்றால் எங்கேயும் வெடிதான், அதைப் பார்க்க இவ்வளவு தூரம் விமானத்தில் போக வேண்டுமா என்று நான் கேட்டதற்கு அப்பா முறைத்தார். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. எங்களைக் கூட்டிப் போக வந்த பெண்ணுக்கு லீ என்று பெயர், உன் வயதுதான் இருக்கும், பட்டாசு செய்கிற ஊர்ப் பெண், வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அவள்தான் இன்றைக்கு ஓர் ஓவியக் காட்சி மண்டபத்துக்குப் போகலாம், கட்டடத்தைப் பார்க்கவே வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். அண்ணாச்சிமார்களுக்கு விருப்பமே இல்லை, படத்தைப் பார்த்து என்ன செய்ய, கடைவீதிக்குப் போகலாமே என்றார்கள். ஊர்க்காவலன் அண்ணாச்சி, நம்ம ஊர்ல அடிக்காத படமா, காலண்டர்ல லட்சுமியும் சரஸ்வதியும் போட்டு நாடு பூரா அனுப்புறவுகளே நாமதான் என்றார். ஆனாலும் பஸ் அங்கே போய்விட்டது.

சுகிர்தா, அந்தக் கட்டடத்தை நான் எப்படிச் சொல்வேன், நீ படித்தவள், உனக்கு அதற்கு வார்த்தை இருக்கும். ஏரிக்கரையில் வெள்ளை வெளேரென்று நின்றது. நம் ஊர் பிரஸ்ஸில் அச்சடித்த தாளைக் காயவைக்க விசிறி விட்டு அடுக்குவார்களே, அந்த மாதிரி ஒரு தளத்துக்கு மேல் இன்னொன்று விலகி விலகி நின்றது, கூரை ஒரு பக்கம் மேலே ஏறி ஏரிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது, அதற்கடியில் தாங்க ஒன்றுமே இல்லை. பஸ்ஸில் இருந்து இறங்கின அப்பா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். நான் பேசாமல் இருப்பேனா, என்னங்க, தூணைக் காணோம், இது எந்த ஊர் சிமெண்டு என்று கேட்டேன். அவர் அந்தக் கூரைக்கு அடியில் போகாமல் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். உள்ளே போனால் வெளிச்சம் மேலே இருந்து எங்கிருந்தோ இறங்குகிறது, ஒரு விளக்கைக் காணோம். சத்தம் போட்டுப் பேசுகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி தானாகக் குரலைத் தாழ்த்திவிட்டார்கள், குருவம்மாள் மதினி கூடச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

முதல் கூடத்தில் சுவர் அளவுக்குப் படங்கள். ஒன்றில் முழுக்கச் சிவப்பு, வேறு ஒன்றும் இல்லை. எல்லோரும் அதன் முன்னால் நின்று யோசித்தார்கள். ஊர்க்காவலன் அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நல்ல ஸ்ட்ரான்ஷியம் செவப்பு, மத்தாப்புக்குப் போடுற மருந்து மாதிரி கொஞ்சங்கூடக் கலங்கல என்றார். அடுத்த பச்சைப் படத்துக்குப் போனதும் இது பேரியம் என்றார் இன்னொருத்தர், இல்ல, பேரியம் இம்புட்டு எடுப்பா வராது என்று அப்பா சொல்ல, அங்கேயே ஒரு பெரிய விவாதம். படம் வரைந்தவர் பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு ஆர்டர் வாங்கியிருப்பார். நான் அவர்களை விட்டுவிட்டுத் தள்ளிப் போனேன். அங்கே சின்னதாக ஒரு படம், வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஒரே ஒரு மீன். மீதி எல்லாம் சும்மா விட்டிருந்தது, ஒரு கோடு கூட இல்லை, ஆனால் பார்க்கப் பார்க்க மீனைச் சுற்றித் தண்ணீர் தெரிந்தது. கால் வலியையும் மறந்து நின்றேன். உன் பிளானில் நீ சும்மா விட்டிருந்த இடத்தை எல்லாம் இங்க ஒண்ணுமே இல்லையே என்று நானும் அன்றைக்குக் கேட்டேன் இல்லையா, நீ கூட எரிச்சல்பட்டாய். அந்த மீனைப் பார்த்தபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது, சந்தோஷமாக இருந்தது.

அடுத்ததுதான் பெரிய கூடம். இனிமேல் நடந்ததைச் சிரிக்காமல் படிக்க முடிந்தால் நீ என் மகளே இல்லை. அந்தக் கூடத்து வாசலில் ஓர் ஆள் உயரத்துக்குச் செம்புத் தகடு ஒன்றை லேசாக வளைத்து நிறுத்தியிருந்தார்கள், பளபளவென்று இருந்தது. அதுவும் ஒரு கலைப் பொருளாம், யாருக்குத் தெரியும். நம் கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, பொறி கிளம்பி மருந்து பற்றாமல் இருக்க உடம்பில் இருக்கிற கரண்ட்டை இறக்கிவிட்டுத்தானே காலை உள்ளே வைப்பார்கள். அப்பாவுக்கு அது முப்பது வருஷத்துப் பழக்கம், நினைத்துச் செய்கிறதில்லை, கை தானாகப் போகும். பெரிய கூடத்துக்குள் போகிறோம், வாசலில் செம்பு நிற்கிறது, இவர் பாட்டுக்குச் செருப்பை ஓரமாக விட்டார், உள்ளங்கையை அதன் மேல் அழுத்தி வைத்தார், உள்ளே போனார். பின்னால் வந்த ஊர்க்காவலன் அண்ணாச்சியும் செருப்பை விட்டார், கையை வைத்தார், போனார். அவருக்குப் பின்னால் அடுத்தவர், அவருக்குப் பின்னால் அடுத்தவர். வரிசையாக அண்ணாச்சிமார்கள் எல்லோரும் ஏதோ பட்டறைக்கு வேலைக்குப் போகிற மாதிரி அந்தச் செம்பைத் தொட்டுத் தொட்டு உள்ளே போகிறார்கள், ஒருத்தருக்கும் தாம் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. எனக்குக் கூடத் தெரியவில்லை, நானும் கையை நீட்டிவிட்டேன், அதற்குள் மேலே இருந்து கூ என்று அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் என்ன சத்தம் என்று அண்ணாந்து பார்த்திருப்பார்கள். நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமா, சத்தம் கேட்டால் முதலில் ஓடு, எதையும் எடுக்காதே, திரும்பிப் பார்க்காதே, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பதுதானே நமக்குப் படிப்பு. அப்பா ஓடுங்கலே என்று ஒரு சத்தம் கொடுத்தார், வாசலுக்குப் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார், எதிரே இருந்த கண்ணாடிச் சுவரை நோக்கி ஓடினார். எனக்குக் கண்ணாடியில் மோதிச் சாகப் போகிறோம் என்றுதான் தோன்றியது, அவர் தோளால் முட்டினார், சுவர் என்று நான் நினைத்தது கதவாகத் திறந்துகொண்டது, வெளியே புல்வெளி. நாலா பக்கமும் நம் ஆட்கள் அப்படியே கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்கள், அவர்கள் ஓடுவதைப் பார்த்துச் சீனாக்காரர்களும் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அந்தப் பெரிய கூடத்தில் ஓர் ஈ எறும்பு இல்லை, செருப்புகள் மட்டும் வாசலில் வரிசையாக இருந்தன. குருவம்மாள் மதினி, ஓடும்போது எதையும் எடுக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறி, சேவுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். லீ எங்களிடம் ஓடி வந்தாள், வரிசையாகத் தொட்டதைப் பார்த்திருக்கிறாள், அவள் ஊரிலும் மருந்து ரூம் வாசலில் தகடு உண்டாம், அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டாள், அப்புறம்தான் நாங்கள் தொட்டதால்தான் அலாரம் அடித்தது என்று எங்களுக்கும் விளங்கியது, ஊர்க்காவலன் அண்ணாச்சி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

காட்சி மண்டபத்து அதிகாரி ஓர் அம்மாள், கண்ணாடி போட்டவர், விறுவிறுவென்று வந்தார். அப்பா வெறுங்காலோடு முன்னால் போய்க் கும்பிட்டு, தப்பாயிருச்சும்மா, வேணும்னு தொடல என்று தமிழிலேயே சொன்னார். லீ எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அந்த அம்மாள் முகம் மெல்ல மாறி, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார், நாங்கள் வருஷா வருஷம் தீ ஒத்திகை வைக்கிறோம், ஒரு தடவை கூட இந்தக் கூடம் இவ்வளவு சீக்கிரம் காலியானது கிடையாது என்றாராம். மதினி உடனே சேவுப் பையைப் பிரித்து அவர் கையில் ஒரு பிடி வைத்தார், அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு இரண்டாவது பிடிக்குக் கை நீட்டினார். நாங்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம், அப்பாவை மட்டும் காணோம். திரும்பிப் பார்த்தால் புல்வெளி நடுவில் நின்று கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏ ஆவுடை, இங்கன வந்து பாரு, அம்புட்டும் வெளிப்பக்கம் திறந்து நிக்கி என்று என்னைக் கூப்பிட்டார். நாங்கள் சுவர் என்று நினைத்த அந்தக் கண்ணாடி எல்லாம் கதவுகள், ஜனங்கள் தள்ளிவிட்டு ஓடி வந்தபடியே வரிசையாக வெளிப்பக்கம் விரிந்து நின்றன. அந்த அதிகாரி அம்மாளிடம் லீ மூலமாகக் கேட்டு அனுமதி வாங்கி, ஒவ்வொன்றாகச் சாத்தி, மறுபடி உள்ளே போய் ஒரு விரலால் தள்ளி, மறுபடி சாத்தி, மறுபடி தள்ளிப் பார்த்தார். சின்னப் பிள்ளைக்கு ரங்கராட்டினம் கிடைத்த மாதிரி. இதைக் கட்டுனவுக யாரோ, நம்மளை மாதிரி ஆளுகளைத் தெரிஞ்சவுக என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போனார்கள், நானும் அப்பாவும் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் திடீரென்று, கருப்பணன் நின்ன ரூமுக்கு ஒத்தக் கதவு என்றார். உன் கருப்பணன் சித்தப்பாவை நீ போட்டோவில் மாலையோடுதான் பார்த்திருக்கிறாய், விபத்தில் போனார் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் நடந்தது, என் கொழுந்தன் முகத்தை நானும் போட்டோவில்தான் பார்த்தேன். அண்ணனும் தம்பியுமாக வேறொரு கம்பெனியில் வேலை செய்த காலம், சீசன் நேரம், அந்த ரூமுக்கு இருந்ததே ஒரு வாசல், உள்பக்கம் திறக்கிற கதவு. சத்தம் வந்ததும் எல்லோரும் கதவை நோக்கி ஓடி அதன் மேலேயே சாய்ந்துவிட்டார்கள், உள்பக்கம் இழுக்க முடியவில்லை. அப்பா அன்றைக்கு வெளியே பண்டல் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார், வெளியில் இருந்து தள்ளியிருக்கிறார். இதை எல்லாம் அவர் ஒருசேரச் சொல்லவில்லை, விட்டு விட்டுத்தான் சொன்னார், ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் இவ்வளவு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சினிமாவுக்குப் போனாலும் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாரே, வேலையில்லாத மனுஷன் என்று நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், கதவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். உன் பிளானிலும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது தூண் இல்லாதது அல்ல, தன் பிள்ளைகளும் பொண்டாட்டியும் இருக்கிற கூடத்துக்கு ஒரே வாசல் என்பதுதான். அதைச் சொல்ல வாய் வராமல் பழியைத் தூக்கிச் சிமெண்டு மேல் போட்டுவிட்டார். பாப்பா போட்டது நல்ல வீடுதான், ஆவுடை, அதுல குத்தமில்ல, எனக்குத்தான் மூச்சு முட்டிச்சு என்றார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அப்புறம் அவரே மதினியிடம் போய்ச் சேவு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

ஊருக்கு வந்த பிறகு இந்த மனுஷனோடு எங்களால் குடியிருக்க முடியவில்லை. அங்கே வாங்கின அந்தக் கட்டடத்துப் படம் போட்ட அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிற இடத்தில் எல்லாம் எடுத்துக் காட்டுகிறார், டீக்கடையில் காட்டியாயிற்று, வங்கியில் காட்டியாயிற்று, போன வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போனால் அங்கே வரிசையில் நின்ற யாரோ ஒருவருக்கும் காட்டினார். கண்ணுச்சாமி கொத்தனார் வந்து, அண்ணாச்சி, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நல்ல நாள் பார்த்தாச்சு, தூணுக்குக் கம்பி சொல்லிரவா என்று கேட்டார். தூண் வேண்டாம்ப்பா, எங்க வீட்டு ஆர்க்கிடெக்ட் பிளான்தான் என்றார் அப்பா. கொத்தனாருக்கு முகமே இல்லை, தூண் இல்லாம எப்படி நிக்கும் அண்ணாச்சி, நாளைக்கு எம் பேரைல்ல சொல்லுவாக என்றார். அதெல்லாம் நிக்கும், நான் போய் அடியில நின்னு பார்த்துட்டு வந்திருக்கேன் என்று அட்டையை எடுத்துவிட்டார். அடியில் போக மாட்டேன் என்று சுற்றிக்கொண்டு வந்த கதையை நான் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த மணியிடம் கண்ணைக் காட்டினேன், அவன் சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டான். வேலையை நிறுத்தியாயிற்று, சிமெண்டு மூட்டைகளைப் பெரிய மாமா வீட்டுக் கட்டட வேலைக்குக் கொடுத்தாயிற்று, மனையில் இப்போது மழைக்கு முளைத்த புல்தான் நிற்கிறது. ஆனால் உனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க என்றால் மட்டும், அவ ஆபீஸ்ல இருப்பா, அங்க இப்ப ராத்திரி, பண்டிகை நேரத்துல தொந்தரவு எதுக்கு என்று ஆயிரம் சாக்கு. பட்டாசுக்குப் பயப்படாத மனுஷன் உன் போனுக்குப் பயப்படுகிறார், சுகிர்தா. நீ இன்னொரு தடவை அம்மாகிட்டக் குடுங்க என்று சொல்லிவிடுவாயோ என்று பயம், அதை நான் சொல்லாமலே நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே என் தங்கம், நான் கேட்பது இதுதான். தைக்கு லீவு போட்டு வா. கண்ணாடியைச் சுவராக வைக்காமல் வெளிப்பக்கம் தள்ளித் திறக்கிற கதவாக வைக்க முடியுமா, திருடன் வராமல் அதற்குப் பூட்டு எப்படி, அதெல்லாம் உன் படிப்பு, நீயும் அப்பாவும் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அடுப்பில் நின்று அந்தச் சண்டையைப் பார்க்க முடிந்தால் போதும். சித்தப்பா விஷயத்தை நான் எழுதினதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே. அவர் எப்போதாவது தன் வாயால் சொல்ல வந்தால் முதல் தடவை கேட்கிற மாதிரி கேள், நடுவில் பேசாதே, உனக்கு நடுவில் பேசுகிற புத்தி உண்டு. ஒழுங்காகச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்காதே, வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வராதே, முழங்காலுக்குப் போடுகிற அந்தப் பட்டையை மட்டும் வாங்கி வா. மாரியம்மாள் துணை இருப்பாள், எடுத்த காரியம் எல்லாம் ஜெயிக்கும், மகராசியாக இருப்பாய். அப்பா இப்போதுதான் வந்து யாருக்கு எழுதுறே என்று கேட்டார், சொன்னேன், அடியில எனக்குக் கொஞ்சம் இடம் விடு என்றார். மேல் தாள்களை எல்லாம் உறையில் போட்டு என்னிடம் வைத்துக்கொண்டு இந்தக் கடைசித் தாளை மட்டும் அவரிடம் கொடுக்கப் போகிறேன், அவர் என்ன எழுதினாலும் நான் படிக்க மாட்டேன், மடித்து அப்படியே உறைக்குள் செருகித் தபாலில் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ப. ஆவுடைத்தாய்

பாப்பா, வானம் தோண்டல. நீ வந்து அளவுக் கயிறு பிடிச்சாத்தான் மண்ணுல கடப்பாரை விழும். உன் கருப்பணன் சித்தப்பாவைப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், இன்னும் உங்க அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லல. போன்ல வராது. நேர்ல வா, சொல்லுதேன்.
அப்பா